செருப்பு ஏறுதா?

காத இங்கிட்டு குடுங்க, மூளைய உங்ககிட்டயே வச்சுக்கோங்க. கடைசில நான் ஒரு கேள்வி கேப்பேன், அப்ப தேவைப்படும்.

சங்குமுனைன்னு கடலோரத்துல ஒரு ஊரு. கெழக்க உப்பளத்துச் சனம் இருக்க அளக்குடி. மேக்க பெரியவுக இருக்க பங்களாத் தெரு. நடுவுல ஒரு ரோடு, அதுலயும் பாதிக்குத்தான் தாரு. எந்தப் பாதின்னு நான் சொல்லணுமாக்கும்?

ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்காரவுக, "வாரத்துக்கு ஒருக்க டாக்டர் வண்டி அனுப்புதோம்"னாவ. ஆனா வண்டி ஒரே எடத்துலதான் நிக்கும். எங்க சீக்காளி அதிகமோ அங்க. கணக்கெடுக்க சந்தனமாரியையும் குரூஸையும் சம்பளத்துக்கு வச்சாவ. ரெண்டு பேருக்கும் மேல ஜெபராஜ்னு ஒரு சாரு. மாரி அளக்குடில பொறந்தவ, டெய்லருக்கு வாக்கப்பட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனவ. அவ அண்ணன் பொண்டாட்டி பேச்சித்தாயி இன்னும் அளத்துல உப்பு வாருதா.

கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான்: "வீட்ல யாருக்காச்சும் சீக்கு உண்டா?" உண்டுன்னா போன்ல ஒரு அமுக்கு, இல்லன்னா ஒரு அமுக்கு.

பங்களாத் தெருவுல மொத வீடு, ரிட்டயர் ஆன தாசில்தாரு வீடு. சேரப் போட்டு உக்கார வச்சாரு. சுகரு, பிரஷரு, தைராய்டு, கழுத்து எலும்புன்னு அவரு அடுக்குனதப் பாக்கணுமே, கோயில் கொடைக்கு நன்கொடை வாசிக்காப்ல முகத்துல ஒரு களை. வீட்டம்மா அடுக்களையில இருந்தே, "கேஸ் டிரபிள விட்டுட்டீங்களே!"ன்னா.

அளக்குடில பகல்ல வீட்ல ஆளு ஏது? மாரி அளத்துக்கே போனா. கொதிக்கிற வெயிலு. வேலை வாங்குற கங்காணி குடையப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னான். பேச்சித்தாயி கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு இருக்கு.

"மதினி, சீக்கு எதும் உண்டா?"

"ஏட்டி, எந்திரிச்சு வேலைக்கு வந்திருக்கவளப் பாத்து சீக்காங்கியே! பாயில கெடக்கவளுக்குல்லா சீக்கு!"

சுத்தி நின்னவளுகல்லாம் சிரிச்சாளுக. கங்காணியும் சிரிச்சான், அது வேற சிரிப்பு. மாரி "இல்ல"வ அமுக்குனா.

கூட்டிப் பாத்தா, பங்களாத் தெருவுல நூத்துக்கு அறுவது சீக்கு, அளக்குடில நூத்துக்கு எட்டு. ஏசில இருக்கவரு சீக்காளி, உப்புப் பெட்டி சொமக்கவ பயில்வான்! இப்படி ஒரு ஊரு இருந்தா நானே குடிபோயிருவேன்.

"வண்டி பங்களாத் தெருவுக்குத்தான்"னாரு ஜெபராஜ் சாரு.

போன ஞாயித்துக்கெழம சாயந்திரம் மதினி மாரி வீட்டுக்கு வந்துட்டு, போறப்ப செருப்பக் கையில தூக்கிட்டுப் போனா. "ஏன் மதினி?"ன்னதுக்கு, "காலு காத்தாடட்டும்டி"ன்னா. அந்தச் செருப்பு மாரி நெஞ்சுலயே கெடந்துச்சு.

மறுநாள் பொழுதடைய அளக்குடி குழாயடிக்குப் போனா. கங்காணி இல்ல, குடையும் இல்ல. சீக்கப் பத்திப் பேச்சே எடுக்கல.

"மதினி, சாயந்திரம் ஆனா செருப்பு ஏறுதா?"

பேச்சித்தாயி கொடத்த எறக்கி வச்சா. "மத்தியானத்தோட சரி. அதுக்குமேல காலு வீங்கிரும், உள்ள போவாது."

"வேலைல தண்ணி குடிக்கியளா?"

"குடிச்சா எங்கடி போயி ஒதுங்க? வெட்டவெளி. அடக்கி அடக்கி, இப்ப போனாலே எரியுது. கங்காணிட்ட சொல்லிராத தாயி, நாளைக்கே ஆள மாத்திருவான்."

"எனக்குந்தான்"னா ஒருத்தி. "எனக்கும்"னா இன்னொருத்தி. மாரி ஆரு பேரையும் வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணி, மிச்சமிருந்த குழாயடிக்கெல்லாம் போயி அதே கேள்வியக் கேட்டா. அவ கேட்ட பாதில நூத்துக்கு எட்டு எழுவதாச்சு.

அளக்குடில மறுபாதி குரூஸு பொறுப்பு. அவன் காலாட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். "எதுக்கு மாரி அலையுத? வண்டி மேக்கன்னு சாரு சொன்னதுமே நான் எல்லாத்தையும் 'உண்டு'ன்னு மாத்தி அமுக்கிட்டேன். தொட்டில்ல கெடக்க புள்ளைக்குக்கூட மூட்டுவலி!"

"பொய்யில்லா அண்ணே!"

"நல்ல பொய்யி."

ஜெபராஜ் சாரு ரெண்டு பேரையும் பிடிச்சுக்கிட்டாரு. "அவுக வாயால இல்லன்னாவ. அதான் கணக்கு. குரூஸு செஞ்சது களவு. நீ செஞ்சது மட்டும் என்னம்மா? மேக்க ஒரு கேள்வி, கெழக்க ஒரு கேள்வி. ஒருத்தனுக்கு மட்டும் லேசான கேள்வித்தாள் குடுத்தா அது பரீட்சையா?"

மாரிக்கு சுருக்குன்னுச்சு. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு ஒரு கணக்குதான் போவும். அது போற பக்கந்தான் வண்டி போவும்.

கேட்டத அப்படியே வச்ச சாரு ஒரு பக்கம். நல்லதுக்குப் பொய்ய அமுக்குன குரூஸு ஒரு பக்கம். கேள்விய மாத்திக் கேட்ட மாரி ஒரு பக்கம். இப்ப மூளைய எடுங்க. இதுல ஆரு செஞ்சது சரி?

யோசிச்சாச்சா? சாரு பொய் சொல்லல, ஆனா கோணக் கேள்விக்கு நேரான பதிலு ஏது? பங்களாத் தெருவுல சீக்குன்னா டாக்டரு வச்ச பேரு, அளக்குடில சீக்குன்னா பாயில விழுறது. போதாக்கொறைக்கு வேலையப் புடுங்குறவன் பக்கத்துல நின்னான். குரூஸுக்கு மனசு நல்ல மனசு. ஆனா டாக்டரு வந்து அந்தத் தொட்டில்புள்ள மூட்டத் தட்டிப் பாத்தாருன்னு வைங்க, அப்புறம் பேச்சித்தாயி நெசமாவே விழுந்தாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். மாரி செஞ்சதுதான் சரி. ஆனா பாதி சரி. அதே செருப்புக் கேள்விய மேக்கயும் கேக்கணும். கேட்டா தாசில்தாரு சிரிப்பாரு, "செருப்பு ஏறாம என்னம்மா?"ன்னு. அந்தச் சிரிப்பையும் சேத்து அமுக்குனாத்தான் கணக்கு முழுசு. அது வெளங்குன ஒடனே மாரி வாசல்ல கெடந்த செருப்ப மாட்டிக்கிட்டு பங்களாத் தெருவப் பாத்து ஓடுதா. அவளுக்கு ஏறுது.