ஏழூர்ச் சாசனம் திருந்திய நாள்

"நாங்க கும்பிடுற புத்தகமே எங்க வயித்துல அடிக்குது, சாமி. அதை மாத்த முடியுமா, முடியாதா?"

கேட்டவள் செங்கமலம். கீழூர் மருத்துவச்சி. ஏழூர் நாட்டில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள்.

வெள்ளியம்பலச் சுவாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனதில் ஒரு குழப்பம் என்றால் அவள் வந்து நிற்பது அவர் மடத்து வாசலில்தான்.

விஷயம் இதுதான். ஏழு ஊரையும் ஆள்வது மேலூர்க்காரர்களின் சபை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஏழூரை ஆண்ட பெரியவர் எழுதிவைத்த சாசனப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சபை இந்த வருஷம் கீழூர் மதகை அடைத்துவிட்டது. நாற்றங்கால் காய்கிறது. இன்னும் பத்து நாள் போனால் கீழூருக்கு அந்தப் போகமே இல்லை.

"சாசனத்தைப் படிச்சிருக்கீங்களா அம்மா?"

"யாரு படிச்சா? வருஷா வருஷம் சந்தனம் பூசி விழுந்து கும்பிடுறோம்."

சுவாமி உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். நூறு வருஷத்துச் சந்தனம்! கடைசிப் பக்கம் அட்டையோடு அப்பிக் கிடந்தது.

"நானும் பதினோரு வருஷமாப் பூசியிருக்கேன்," என்றார். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் காட்டிக் காட்டி, செங்கமலமே அந்தப் பக்கத்தைக் கிழியாமல் பிரித்தாள்.

அதில் ஒரே வரி.

'ஏழூர்க் குடிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கை உயர்த்தினால், இதில் எதையும் மாற்றலாம்.'

அவள் அழுதுவிட்டாள்.

ஆறு நாள் ஊர் ஊராக நடந்தாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

"பெரியவர் எழுதினதுல கை வைக்கலாமா? சாமி கை தூக்கட்டும், நாங்களும் தூக்குறோம்."

ஏழாம் நாள் முகம் மலர வந்தாள்.

"நாளைக்குக் கூட்டம், சாமி. நீங்க ஒரு கையைத் தூக்கினா போதும்."

"வர்றேன்," என்றார் சுவாமி.

வந்தார். முன்னால் போட்டிருந்த பலகையில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் மடியில்.

கூட்டம் சலசலத்தது. சிலர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். மேலூர்த் தலைவர் மீசைக்குள் சிரித்தார்.

செங்கமலத்துக்கு வந்ததே கோபம்!

"நட்டாத்துல விட்டுட்டீங்களே சாமி!"

"எனக்கு ரெண்டு கைதானே அம்மா," என்றார் அவர், திரும்பாமலே.

அவள், கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைக் கூட்டத்தின் பக்கம் விரித்துப் பிடித்தாள்.

"பெரியவர் முதல்ல என்ன எழுதியிருக்கார், வந்து பாருங்க. 'ஆட்சி எனக்கும் என் பிள்ளைகளுக்கும்.' அதை அவரே அடிச்சிருக்கார். அடிச்சுட்டு, பக்கத்துல 'மேலூர்ச் சபைக்கு'ன்னு எழுதியிருக்கார். பெத்த பிள்ளைக்கு வச்சதை எடுத்து ஊருக்குக் கொடுத்த மனுஷன்! அவர் ஒரு ஊர் வரைக்கும் வந்துட்டார். பாக்கி ஆறு ஊருக்கு நாம நடக்கக் கூடாதா?"

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து அந்த அடித்த வரியைப் பார்த்தார்கள். சிலர் விரலால் தடவிப் பார்த்தார்கள். பயந்த ஜனம்தான், ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லத் தெரியாத ஜனம்.

நடுவூர்க் குயவர் மாசிலாமணி முதலில் கை தூக்கினார். அடுத்து அவர் மனைவி. அப்புறம் எங்கே பார்த்தாலும் கைகள். மேலூர் வரிசையில்கூட நாலைந்து.

மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே இருந்தது. சபையில் ஏழு ஊருக்கும் இடம் என்று சாசனம் திருந்தியது. மதகைத் திறக்கச் சொன்னவர் மேலூர்த் தலைவரேதான். அவரையும் மெச்சத்தான் வேண்டும்.

மொத்தக் கூட்டமும் மதகைப் பார்த்து ஓடியது.

சுவாமி இன்னும் மலையைப் பார்த்தபடி இருந்தார். செங்கமலம் அவர் பின்னால் போய் நின்றாள்.

"என்ன ஆச்சு அம்மா?"

"இப்பத் திரும்பலாம், சாமி," என்றாள் அவள். "கை தூக்கினப்ப உங்களை யாரும் பார்க்கலை."