கொலுக்கடைப் படி

வேலங்கோட்டை ராஜாவுக்கு எதிலும் அசல் வேண்டும். மாம்பழம் வரைந்தால் ஈ வந்து உட்கார வேண்டும் என்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் கடைத்தெருவில் பல்லக்கை விட்டு இறங்கியதே கிடையாது. அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல அங்காடி அதிகாரி வீரகேசரியார் இருந்தார். "பாலாறும் தேனாறும் ஓடுகிறது, மகாராஜா" என்று தினமும் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போவார். ராஜாவும் நம்பிவிட்டுச் சாப்பிடப் போவார்.

நவராத்திரி நெருங்கியது. ராணி கொலுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பிறந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த பொம்மை மளிகைக் கடை அதில் இருந்தது. முழ நீளம்கூட இல்லாத மரக்கடை. ஒரு வருஷமாக எலிகள் அதில் வியாபாரம் நடத்தியிருந்தன. கூரை ஒரு பக்கம், கல்லாப் பெட்டி ஒரு பக்கம், செட்டியார் பொம்மைக்கு மூக்கே இல்லை. ராணி அழுதே விட்டார்.

"இதை யார் சரிசெய்வது?" என்று ராஜா சபையில் கேட்டார்.

வீரகேசரியாருக்கு இது போதாதா? அவையில் வேடிக்கை பேசும் அம்பலவாணரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அம்பலவாணர் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் கடைத்தெருப் புராணத்தைக் கேட்க ஆளிருக்காது.

"அம்பலவாணரிடம் கொடுங்கள், மகாராஜா. வாய்ப்பந்தல் போடுகிறவர், கையாலும் ஒன்று செய்யட்டுமே. நம் கடைத்தெருக் கடை எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். கடுகளவு மாறினாலும் அவையை விட்டுப் போய்விட வேண்டும்."

"அசல்படி! அதுதான் எனக்கும் வேண்டும்" என்றார் ராஜா. "சரிபார்ப்பது யார்?"

"கடைத்தெருவை அடியேனைவிட அறிந்தவர் யார்?" என்றார் வீரகேசரியார், அடக்கமாக.

அம்பலவாணருக்குப் பேச்சைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. இருந்தாலும், "உள்ளது உள்ளபடியே செய்கிறேன், மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவி வடிவு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அடுப்புக்கு ஒரு விறகு பிளக்கத் தெரியாது உங்களுக்கு. கடை கட்டப் போறீங்களாக்கும்."

மறுநாள் அம்பலவாணர் கடைத்தெருவிலேயே பெரிய மளிகைக் கடைக்குப் போனார். கையில் நூலும் ஈர்க்குச்சிகளும். கல்லாவை அளந்தார், தராசை அளந்தார், உப்பு மூட்டையைக்கூட விடவில்லை. அரிசி அளக்கும் படியின் உயரத்துக்கு ஒரு குச்சியை நறுக்கினார். அதே குச்சியைப் படிக்குள் விட்டுப் பார்த்தார். குச்சி விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. குனிந்து உள்ளே பார்த்தார். அடியில் கட்டை வைத்து அடைத்திருந்தது.

கடைக்காரர் படியைப் பிடுங்கிக்கொண்டார். "அதிகாரி முத்திரை போட்டுக் கொடுத்த படி, சாமி. இதிலேதான் அளக்கணும்னு உத்தரவு. மிஞ்சுறதிலே பாதி அவர் வீட்டுக்குப் போகுது. என்னை வம்பிலே மாட்டிவிடாதீங்க."

வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னார். "அதானே பார்த்தேன்" என்றாள் அவள். "கடையிலே நாலு படி வாங்கினா வீட்டிலே மூணுதான் தேறுது. வெயில்லே நடந்து வர்றதிலே அரிசி இளைச்சுப் போகுதோன்னு நினைச்சேன்."

அம்பலவாணருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். மூங்கிலைச் சீவிக் கூரை போட்டார். வடிவு பழைய வேட்டியைக் கிழித்து விரல் பருமனில் மூட்டைகள் தைத்தாள். அரிசிக்குக் கசகசா. செட்டியாருக்கு மெழுகில் ஒரு மூக்கு, கொஞ்சம் பெரிதாகவே அமைந்துவிட்டது. கடைசியில் மூங்கில் துண்டைக் குடைந்து கட்டைவிரல் உயரத்தில் ஒரு படி. அதன் அடியில் அரக்கை உருக்கி ஊற்றினார். அதற்குள் அவர் விரலெல்லாம் வெட்டுக்காயம்.

கொலுவன்று சபையே கடையைச் சூழ்ந்துகொண்டது. வீரகேசரியார் கூரையைத் தடவினார், மூட்டையை முகர்ந்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. ராணிக்கோ விளையாட்டு ஆசை வந்துவிட்டது. சிறுவயதில் விளையாடிய குட்டி வெள்ளிப் படியை எடுத்துவந்து, அது நிறையக் கசகசாவை அளந்து, கடைப் படியில் கொட்டினார். இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம். ஆனால் கடைப் படி நிரம்பி, கசகசா தட்டெல்லாம் சிந்தியது.

வீரகேசரியார் பாய்ந்து வந்தார். "அகப்பட்டது, மகாராஜா. படி தப்பு. அடியில் அரக்கு வைத்து அடைத்திருக்கிறார். சுத்த மோசடிப் படி."

"இருக்கலாம்" என்றார் அம்பலவாணர். "பெரிய மளிகைக் கடைப் படியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உடைத்து உள்ளே பார்ப்போம். கடுகளவு வித்தியாசம் இருந்தாலும் இப்போதே நடையைக் கட்டுகிறேன்."

ராஜா சேவகனைக் கூப்பிட்டார். வீரகேசரியார் குறுக்கே வந்து நின்றார். நிஜப் படி இங்கே வந்தால் குட்டு உடைந்துவிடுமே.

"எதற்கு வீண் அலைச்சல், மகாராஜா? இப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். எல்லாம் அசலைப் போலவே இருக்கிறது. கடுகளவும் மாறவில்லை."

"படியுமா?"

"படியும்தான். நானே முத்திரை போட்டுக் கொடுத்த படி, எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ராஜா தட்டில் சிந்திக் கிடந்த கசகசாவையே பார்த்தார்.

"அப்படியானால் என் ஜனங்கள் தினமும் இப்படித்தான் அரிசி வாங்குகிறார்களா?" என்று சீறினார். "அம்பலவாணரே, இவனுக்கு என்ன தண்டனை? நீரே சொல்லும். அதுதான் உமக்கு நான் தரும் பரிசு."

"சிறையெல்லாம் எதற்கு, மகாராஜா? மோசடிப் படிகளைப் பிடுங்கி அடுப்பில் போடச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பத்திரமாக வையுங்கள். இவருக்கு மாதாமாதம் அரண்மனை படியளக்கிறது அல்லவா? இனிமேல் அந்தப் படியாலேயே அளக்கட்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி, ராணிதான் பிடித்துக்கொண்டார். அம்பலவாணர் தோளில் பட்டுச் சால்வை விழுந்தது.

அடுத்த மாதம் வீரகேசரியார் வீட்டில் அரிசி இறங்கியது. அவர் வீட்டம்மா அளந்து பார்த்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாளாம்.

"ஏங்க, நம்ம அரிசி நிழலில் வண்டியிலேதானே வந்தது? அது ஏன் இளைச்சுப் போயிருக்கு?"