ஐந்தாவது பூட்டு

"கோப்பு தொலையக் கூடாதுன்னுதானே குருவே இத்தனை பூட்டு போட்டேன்? பிறகு எப்படித் தொலைஞ்சது?"

மரியநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. நப்பின்னைக்கு முப்பது. கணினியின் அடிப்படை நிரலான கெர்னலில் கோப்புகளைக் கவனிக்கும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. ஒரே தகவலில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கைவைக்காமல் தடுக்கும் பூட்டுகளை அதில் எழுதியது அவர். அவளைக் குருவே என்று அவர் கேலியாகத்தான் கூப்பிட ஆரம்பித்தார். இன்று கேலி இல்லை.

காலையில் ஒரு பெண்மணியின் கடிதம் வந்திருந்தது. கணினி உறைந்துபோனதாம். வயரைப் பிடுங்கிவிட்டாளாம். இறந்துபோன கணவரின் குரல்பதிவுகள் போயே போய்விட்டன. 'தப்பு என்னுடையதா?' என்று கேட்டிருந்தாள்.

நப்பின்னை திரையைக் காட்டினாள்.

கோப்பின் பெயரை மாற்றும் வேலை முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதற்காக நின்றது. கோப்பை அழிக்கும் வேலை ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்காக நின்றது. இரண்டும் விடவில்லை; கணினி அப்படியே உறைந்தது.

"ஒவ்வொரு பூட்டுக்கு மேலேயும், அது எதைக் காக்குதுன்னு ஒரு வரி எழுதணும். அதுதானே நம்ம வழக்கம். நீங்க எழுதவே இல்லையே அண்ணே?"

"அவசரம்."

"இப்ப எழுதுங்க."

எழுதினார். முதலாவது, பெயர்ப் பட்டியலை. இரண்டாவது, கோப்பின் அளவை. மூன்றாவது, வட்டில் காலியிருக்கும் இடத்தை. நான்காவது, எழுதக் காத்திருக்கும் பக்கங்களை.

ஐந்தாவதில் விரல் நின்றுவிட்டது.

"பெயர்ப் பட்டியலை..."

"அதை முதல் பூட்டே காக்குதே."

"அளவை?"

"என்னைக் கேட்டா? பூட்டு உங்களோடது."

மரியநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லை.

"வந்த புதுசுல ஒரு பூட்டைப் போடாம விட்டுட்டேன். எல்லாரும் படிக்கிற மின்னஞ்சல் குழுவுல வெச்சு கிழி கிழின்னு கிழிச்சாங்க. அதுக்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாதுன்னு, எல்லாத்துக்கும் மேல ஒண்ணு போட்டேன்."

"சரி. அப்ப அது எதைக் காக்குது?"

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

'மரியநாயகத்தை.'

அவள் சிரிக்கவில்லை. விசைப்பலகையை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

அவர் ஐந்தாவதை அழித்தார். இரண்டு வேலைகளையும் சேர்த்து ஓடவிட்டார். ஆயிரம் முறை. லட்சம் முறை. ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன.

"இவ்வளவுதானா? போன வருஷமே எடுத்திருக்கலாமே, குருவே!"

இல்லை என்பாள், யாருக்குத்தான் தெரியும் என்பாள் என்று எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்தார்.

"எடுத்திருக்கலாம் அண்ணே," என்றாள்.