சதுரத் துளைக்குக் கையெழுத்து போட்டவர்

மாணிக்கபுரி மன்னர் வீரகேசரிக்கு வட்டம் என்றாலே ஆகாது. பகைநாட்டுக் கொடியில் இருப்பது வட்டம். அதனால் அரண்மனையில் தோசைகூடச் சதுரம்தான்.

அரண்மனை மின்மணிக்கு ஒரு சர்க்யூட் போர்டு தேவைப்பட்டது. அமைச்சர் அதிவீரர் தானே வரைபடம் போட்டு நீட்டினார். நாற்பது துளைகள். எல்லாம் சதுரம், உட்சுவரில் செம்புப் பூச்சு. கீழே முழ நீளத்துக்குக் கையெழுத்து.

பட்டறைத் தலைவர் மாசிலாமணி பணிவாகச் சொன்னார். "மன்னா, டிரில் சுழலும். சுழல்வது வட்டமாகத்தான் துளைக்கும்."

"சோம்பேறிகள் சொல்லும் சாக்கு," என்றார் அமைச்சர். "முடியாவிட்டால் பட்டறையை என் மைத்துனரிடம் கொடுங்கள்." அமைச்சரின் தங்கையைக் கட்டியதுதான் மைத்துனரின் தொழில்தகுதி.

மன்னர் தலையாட்டிவிட்டார். மாசிலாமணிக்கோ அது இருபது வருடம் கட்டிக்காத்த பட்டறை. மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"ஆகட்டும் மன்னா. ஆனால் தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. வரைபடத்தில் கையெழுத்து போட்டவரே முதல் போர்டைச் செய்ய வேண்டும்."

"பாட்டனார் வழக்கமா? அப்படியே நடக்கட்டும்."

மறுநாள் சபை கூடியது. அமைச்சர் பெருமிதமாக டிரில்லை இறக்கினார். போர்டில் விழுந்தது அச்சு அசல் பகைநாட்டுக் கொடி. மன்னரின் மீசை துடித்தது.

"நான் என்ன செய்வேன் மன்னா? சுழல்வது வட்டமாகத்தானே துளைக்கும்," என்று உளறினார் அமைச்சர்.

"நேற்று நான் சொன்னபோது இதற்குப் பெயர் சோம்பேறித்தனம்," என்றார் மாசிலாமணி.

"சதுரத்துக்கு வழியே இல்லையா?" என்று கேட்டார் மன்னர்.

"இருக்கிறது. குட்டி அரத்தால் ஒவ்வொரு மூலையாக ராவலாம். அதற்கும் கையெழுத்து போட்டவர் கைதான் வேண்டும்."

மூன்று நாள் ராவினார் அமைச்சர். விரலெல்லாம் கொப்புளம். செம்பு பூசி போர்டு வந்தது. மணியின் கம்பிக்கால் ஒன்றுகூடத் துளையில் நுழையவில்லை.

மாசிலாமணி அனுதாபத்தோடு உச்சுக் கொட்டினார். "செம்பு ஏறினால் துளை சுருங்கும், ஐயா. தாங்கள் எழுதிய அளவு பூச்சுக்கு முன்பா, பின்பா என்று குறிக்கவே இல்லையே. இன்னொரு போர்டு எடுத்து வரவா?"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டறை உமக்கே. துளை வட்டமாகவே இருக்கட்டும்," என்று மாசிலாமணியின் தோளில் பொன்னாடை போர்த்தினார்.

மறுநாளே அமைச்சர் வீட்டிலிருந்து புது வரைபடம் வந்தது. நாற்பது துளைகளும் வட்டம். அளவெல்லாம் பூச்சுக்குப் பின் என்று சிவப்பு மையில் குறிப்பு. கையெழுத்து மட்டும் மைத்துனருடையது.