முள்ளில்லாச் சூரியக் கடிகாரம்

வெகுகாலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் மனதில் என்ன தோன்றுகிறதோ அதுதான் அன்றைய சட்டம். அவரை வைத்துக்கொண்டு மந்திரி சிற்றம்பலம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு மார்கழி நாள், ஆவடையாள் என்ற உழவுக்காரப் பெண் சபைக்கு ஓடிவந்தாள். கால்வாய் முடிகிற கடைமடையில் அவள் வயல்.

“மகாராசா! காலையிலேருந்து உச்சி வரைக்கும் கடைமடைக்குத் தண்ணி, அப்புறம் தலைமடைக்குன்னு நீங்கதானே முறை வச்சீங்க? பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ளயே உச்சி மணி அடிச்சிடுது. உடனே எங்க மடையை அடைச்சிடுறாங்க. கதிர் பால் பிடிக்கிற நேரம். இப்பத் தண்ணி இல்லேன்னா அத்தனையும் பதராப் போயிடும். எம் பிள்ளைங்க வருசம் பூரா என்னத்தைத் திங்கும்?”

அரண்மனை மணிக்குப் பொறுப்பு பூதங்குடியார். தலைமடை வயலும் அவருடையதுதான். மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

“இவள் அண்ணாந்து பார்த்துச் சொல்வது சரி, அரண்மனை மணி தப்பா அரசே?” என்றார் அவர்.

மணி சீக்கிரம் அடித்தால் ராஜாவுக்குச் சாப்பாடும் சீக்கிரம் வரும். அதனால் பேச்சை மாற்றினார். “பக்கத்து நாட்டான் சூரியக் கடிகாரத்துக்குத் தங்கத்தில் முள் வைத்திருக்கிறானாமே?”

“நம் மந்திரியார் முள்ளே இல்லாமல் ஒன்று செய்யட்டுமே! மூளைக்கா பஞ்சம்?” என்றார் பூதங்குடியார்.

“ஆகா! நாளை மறுநாள் செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் மந்திரி மோதிரம் பூதங்குடியாருக்கு!” ராஜா துள்ளினார்.

மந்திரி ஆவடையாளிடம் மெதுவாக, “ரெண்டு நாள் பொறு தாயி” என்றார்.

சொன்ன நாளில் அரண்மனை முற்றத்தில் நாழிகைக் கற்கள் வில்லாக வளைந்து கிடந்தன. அவற்றுக்குக் குறுக்கே வரிசையாக மாதக் கற்கள். குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று பூதங்குடியார் கயிறு பிடித்து அளந்து பார்த்தார்.

“திசை சரியா?” என்று கேட்டார் மந்திரி.

“சரிதான். உச்சிக்கல் நேர் வடக்கே இருக்கிறது. ஆனால் நிழல் விழ முள் எங்கே?”

“முள் நடந்து வரும். சூரியன் மாதாமாதம் இடம் மாறுவதால் அந்தந்த மாதக் கல்லில் ஒரு ஆள் ஏறி நிற்க வேண்டும். அவர் நிழல் எந்த நாழிகைக் கல் பக்கம் போகிறதோ அதுதான் நேரம்.”

“நெட்டையன் நின்றால்?” என்றார் ராஜா.

“நிழல் நீளும். குட்டையன் நின்றால் குறுகும். போகிற திசை மாறாது அரசே. முதலில் ஆவடையாளை நிறுத்தலாமா?”

“இவளா?” பூதங்குடியார் பாய்ந்து வந்தார். “என் நிழலைப் போல நேர்மையான நிழல் இந்தச் சபையில் யாருக்கு உண்டு?” மீசையை முறுக்கிக்கொண்டு மார்கழிக் கல்லில் ஏறி நின்றார்.

அந்த நேரம் பார்த்து டாண் டாண் என்று உச்சி மணி அடித்தது. மோதிர ஆசையில், ‘இன்றைக்காவது சரியாக அடி’ என்று மணிக்காரனிடம் சொல்ல மறந்துபோயிருந்தார், பாவம்!

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவர் நிழல் உச்சிக்கல்லுக்கு இரண்டு கல் முன்னாலேயே நின்றது.

“கல் தப்பு!” என்று கத்தினார்.

“திசை சரியென்று நீர்தானே சொன்னீர்?” ராஜா அவரை இறக்கிவிட்டுத் தானே ஏறினார். நிழல் அதே கல்லைக் காட்டியது. ஆவடையாளை ஏறச் சொன்னார். அப்போதும் அதே கல்.

ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அந்த மணியைக் கேட்டுத்தான் நானும் தினமும் இலையில் உட்கார்ந்தேன். தப்பில் எனக்கும் பங்கு உண்டு தாயே” என்றார். பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார்.

மந்திரி கைநீட்டவில்லை. “இந்தக் கற்களைக் கால்வாய்க் கரைக்கு அனுப்புங்கள் அரசே. அரண்மனைக்குள் இருந்தால் மறுபடி யாராவது ஒருவர் கையில்தான் போய்ச் சேரும்.”

“அப்படியே ஆகட்டும். பூதங்குடியாரே, மணிப் பொறுப்பு இனி உமக்கில்லை. தலையில் சும்மாடு கட்டும்! ஒரு கல் விடாமல் நீரே சுமந்து போய், மந்திரி காட்டுகிற இடத்தில் பதித்துவிட்டு வாரும்.”

கரையில் கற்கள் பதிந்த மறுநாளே, மடைக்காரன் பழைய வழக்கத்தில் சீக்கிரமே வந்து மடைப்பலகையில் கைவைத்தான். ஆவடையாள் மார்கழிக் கல்லில் ஏறி நின்றாள்.

“என் நிழலைப் பாத்துட்டு அப்புறம் பலகையைத் தொடு.”

அவன் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான். தண்ணீர் கடைமடைக்கு ஓடிக்கொண்டே இருந்தது.