சக்கை மட்டும் போகலாம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். தண்ணீருக்கு அடித்துக்கொள்ளாத காலம் ஏதாவது உண்டா, நான் அடையாளம் சொல்ல? அவர் நாட்டில் ஒரே ஓர் ஆறு. மேற்சீமையில் நூலாகக் கிளம்பி, காட்டாறுகள் சேர்ந்து பெருத்து, கீழ்ச்சீமையில் அரண்மனையைத் தாண்டிக் கடலில் வீணாக விழும்.

ராஜாவுக்கு மேற்சீமைக் கரும்பு என்றால் உயிர். வறண்ட அந்தச் சீமையில் ஊர்க் கிணறுகளை இறைத்து அதையும் நெல்லையும் விளைவித்தவர் அமைச்சர் இராசகம்பீரர். கரும்பு இனித்தது, கிணறு வற்றியதை யாரும் ராஜாவிடம் சொல்லவில்லை.

கடைசியில் சடைச்சி என்ற ஏற்றம் இறைக்கும் கூலிக்காரி நடந்தே வந்து சபையில் நின்றாள். “குடிக்க ஒரு கொடம் தண்ணி இல்ல மகாராசா. புள்ளைங்க சேத்தை வடிகட்டிக் குடிக்குதுங்க” என்றாள்.

தண்ணீர் எங்கே போயிற்று என்று ராஜா கேட்டார். அமைச்சர் முந்திக்கொண்டு, அந்த ஊரார் தண்ணீரைக் கள்ளத்தனமாகக் கடத்தி விற்கிறார்கள் என்று அளந்துவிட்டார். ராஜாவுக்குக் கோபம் வந்தது.

“எதில் ஒளித்து வைத்திருந்தாலும் சரி, மேற்சீமைத் தண்ணீர் ஒரு சொட்டும் எல்லைச் சாவடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காவலன் தலை தப்பாது.”

காவலுக்கு விகடகவி மாசாத்தனே தகுதியானவன் என்றார் அமைச்சர். ராஜா அவனிடம் காட்டும் அன்பு அவருக்கு வெகுநாளாக உறுத்தல். மாசாத்தன் மறுக்கவில்லை. ராஜாவைச் சிரிக்க வைத்தே அலுத்துப்போன மனிதன். முழங்கால் வலி வேறு. சபையைவிடச் சாவடி மேல் என்று போய்விட்டான்.

கோடையில் அங்கே ஆறு வெறும் மணல். குடத்தோடு ஒருவரும் வரவில்லை. வந்தவை அமைச்சரின் கரும்பு, கத்தரிக்காய், நெல் வண்டிகள்தான், ராஜாவின் பிறந்தநாள் விருந்துக்கு. எதில் ஒளித்திருந்தாலும் என்றுதானே ஆணை என்று மாசாத்தன் பெருமூச்சு விட்டு எழுந்தான். சாவடியிலேயே ஆலை நட்டுக் கரும்பைப் பிழிந்தான். சாற்றை மேற்சீமை ஜனங்களுக்குக் கொடுத்தான். சக்கையைப் பட்டுத்துணியில் மரியாதையாகக் கட்டி அரண்மனைக்கு அனுப்பினான். கத்தரிக்காயை வற்றலாக்கி அனுப்பினான். நெல் வண்டிகளையோ நகரவே விடவில்லை.

விருந்தில் ராஜாவின் இலையில் வற்றலும் சக்கையும் விழுந்தன. மாசாத்தனை இழுத்துவரச் சொன்னார். ஊர்க்கதி தெரிய வேண்டுமென்று சடைச்சியும் கூடவே வந்தாள்.

“கரும்புச் சாற்றைத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம், அரசே. உலர்ந்த நெல்லில் தண்ணீர் ஏது? இவனுக்குத் தண்டனை தாருங்கள்” என்றார் அமைச்சர்.

மாசாத்தன் களைத்த குரலில் சொன்னான்: “குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவனைத் திருடன் இல்லையென்று விட்டுவிடலாமா, அரசே? அந்த நெல்லும் கரும்பும் சடைச்சி ஊர்க் கிணற்றைக் குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுகின்றன. இல்லையென்றால், அமைச்சர் அடுத்த போகத்தைத் தண்ணீர் விடாமல் விளைவித்துக் காட்டட்டும்.”

ராஜா இலையைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார். இனி மேற்சீமையில் கரும்பும் நெல்லும் கூடாது, கீழ்ச்சீமையில் பயிரிடுங்கள் என்று ஆணையிட்டார்.

எல்லாரும் வாழ்த்தினார்கள். சடைச்சி மட்டும் அழுதாள். “எறச்சாத்தான் எங்களுக்குக் கூலி, மகாராசா. அதையும் நிறுத்திட்டா கஞ்சிக்கு எங்க போறது?”

ராஜா திகைத்தார். “ஆற்றை மேலே ஏற்றவா முடியும்?”

“ஆறு ஏறாது அரசே, வண்டி ஏறும்” என்றான் மாசாத்தன். “ கடலுக்குப் போகிற தண்ணீரைக் கீழ்ச்சீமையில் நெல்லாக்கி, கரும்பு இறக்கிய அதே வண்டிகளில் மேலே அனுப்புங்கள். இத்தனை காலம் குடித்ததைத் திருப்பிக் கொடுத்ததாக இருக்கட்டும்.”

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அமைச்சரின் களஞ்சியத்திலிருந்தே முதல் வண்டிகளை நிரப்பச் சொன்னார். முத்துமாலையைக் கழற்றி மாசாத்தன் கழுத்தில் போட்டார். வேறென்ன வேண்டும் என்று கேட்டதற்கு, முதல் வண்டியில் ஓர் இடம் போதும், நடக்க முடியவில்லை என்றான்.

மூட்டைகளின் மேல் தூங்கிக்கொண்டே சடைச்சி ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். கிணறுகள் ஊறுவதற்கு இன்னும் எத்தனையோ மழை வேண்டும். ஆனால் மறுநாள் விடிந்தபோது அந்த ஊரில் ஏற்றத்தின் சத்தம் கேட்கவில்லை. வயிறு நிறைந்த ஜனங்கள், வெயில் ஏறியும் எழுந்திருக்காமல், உறங்கிக்கொண்டிருந்தார்கள்.