சாருக்கு மட்டும் நகராத வண்டி

கடைசியில் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் முதலில் கொஞ்சம் கணக்குப் பாடம் கேட்க வேண்டும்.

பாடம் நடத்தியவர் எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி பொன்னம்பலம் சார். தங்கச்சி மகன் நிச்சயதார்த்தத்தில் மத்தியானமே சரக்கில் நன்றாக நனைந்து வந்தவர், எங்கள் மூன்று பேரையும் லைசென்ஸ் டெஸ்டுக்குத் தானே கூட்டிப் போவதாகச் சாவியைப் பிடுங்கினார்.

"நூறு மில்லி ரத்தத்துக்கு முப்பது மில்லிகிராம் ஆல்கஹால்தான் சார் லிமிட்டு," என்றார் எங்களுக்கு ஓட்டக் கற்றுத்தரும் எஸ்தர் அக்கா. "பின்னால மூணு பிள்ளைங்க வேற இருக்கு."

"அது உன்னை மாதிரி ஒல்லிக்குச்சிக்கும்மா! என் உடம்புல எவ்வளவு ரத்தம் ஓடுது? அதுல இதெல்லாம் கரைஞ்சே போயிரும். வேலை வேணும்னா பேசாம ஏறு!"

"சரி சார், நீங்களே ஓட்டுங்க." அக்கா பணிவாக இடப்பக்கம் உட்கார்ந்தார்.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது. குடுக்! நின்றது. மறுபடி கிளப்பினார். குடுக்!

"என்னம்மா ஆச்சு இதுக்கு?"

"தெரியலையே சார். வாசனை பிடிக்கலையோ என்னவோ."

ஆறாவது குடுக்கில் சாருக்கு வேர்த்தே விட்டது. "நீயே ஓட்டித் தொலை," என்று இடம் மாறினார். அக்கா கை வைத்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

வாசலைத் தாண்டுவதற்குள் சார் நிம்மதியாகக் காலை நீட்டினார்.

குடுக்!

மெதுவாகக் குனிந்து பார்த்தார். கற்றுக்கொள்பவர்கள் தப்பு செய்தால் நிறுத்துவதற்கென்று வாத்தியார் பக்கம் வைத்த இரண்டாவது பிரேக், அவர் காலடியில்.

"அடிப்பாவி எஸ்தரு! இதை மாட்டினதே நான்தானே!"